தின்னலாம், தின்னக்கூடாது

அரசலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வேலியோரமாகக் குந்தியிருக்கிறார் திருஞானசம்பந்தம் பிள்ளை. நாக்கு நுனியில் ஏதோ ஒரு பச்சை இலையின் துணுக்கு. கண்கள் மூடியிருக்கின்றன. உதடுகள் மட்டும் அசைகின்றன. மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘அன், தெ, த்ருவா, காத்ர்’ என்று பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருக்கிறார். நூறு வரும்வரை நாக்கு எரியாமலும் மரத்துப் போகாமலும் இருந்தால் துணுக்கைத் துப்பிவிட்டு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, பாலத்தின் மேல் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அறிவிப்பார்:

“தின்னலாம்!”

அவரிடம் மூன்றே தீர்ப்புகள்தான் உண்டு. ‘தின்னலாம்’ ஒன்று. ‘வேகவச்சு தண்ணிய வடிச்சிட்டுத் தின்னலாம்’ இரண்டாவது. மூன்றாவதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிடுவார். “ஐயையோ, தொட்டுடாத! தின்னக்கூடாது!”

ஐம்பது வயதுக்கு இரண்டு மூன்று குறைவு. குள்ளமான, கடுகு வெடிக்கிறாற்போன்ற உடம்பு. நடப்பதே கிடையாது, ஓட்டத்துக்கும் நடைக்கும் இடைப்பட்ட ஒன்றுதான். நான்கு பை வைத்த காக்கிச் சட்டை போட்டிருப்பார். நான்கிலும் இலை, விதை, காய், கிழங்கின் வால். துவைக்க எடுத்த சட்டையின் பையில் ஒருமுறை அவரை விதை ஒன்று முளைத்திருந்ததாக அவர் மனைவி தையல்நாயகி அம்மாள் சத்தியம் செய்கிறார். தலத்தெருவில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நான் குடிவந்து இரண்டு வருஷமாகிறது. அந்த அம்மாள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

காலையில் பிள்ளை பிரெஞ்சு எழுதுகிறார். காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிவிட்டது. ஆனால் அவனுடைய பட்டாளத்தில் இருந்தவர்களும், அவர்களுடைய விதவைகளும் இன்னும் அவனுடைய பென்ஷனை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காக, ‘நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்’ என்று அவர்கள் வருஷாவருஷம் பிரெஞ்சில் எழுதிக் காட்டவேண்டும். அதை எழுதிக் கொடுப்பவர் இவர். எழுதுமுன் ஒரு கேள்வி உண்டு. பெயர் அல்ல, ஊர் அல்ல.

“காலையில என்ன சாப்பிட்ட?”

கமர் நிஷா என்று ஒரு சொல்தாவின், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயின், விதவை. ஒருநாள் அந்த அம்மாள், “பசியாறிட்டேண்ணே” என்றார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்தார். “என்ன பசியாறுன? சொல்லு.” அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டார். உள்ளேயிருந்து தையல்நாயகி அம்மாள் நான்கு இட்லியோடு வந்தார். கடைசி இட்லி முடிந்த பிறகுதான் பேனா திறந்தது. “இப்ப எழுதுவேன் பாரு, உயிரோட இருக்கான்னு! வெறும் வயித்தோட இருக்கிறவளை உயிரோட இருக்கான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?” என்று அந்தத் தெருவே அதிரச் சிரித்தார்.

அவருடைய தீர்ப்புகளை மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள், போலகத்திலிருந்து கீரை விற்க வரும் அல்லி. நடவு, களை, அறுப்பு எல்லாம் போக, மிச்ச நேரத்தில் வரப்பிலும் குளத்திலும் கிடைப்பதைக் கூடையில் கொண்டுவருவாள். கொட்டிக்கிழங்கைக் குளத்துச் சேற்றில் காலாலேயே துழாவி எடுக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். போன ஐப்பசியில் அவர் எங்கிருந்தோ ஒரு கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்து, அவள் கண்ணெதிரிலேயே ஒரு சீவல் சீவினார்.

“ஐயா, அது காட்டுக்கருணை. புளி போட்டு ரெண்டு தரம் வேகவச்சாத்தான் அடங்கும். பச்சையா நாக்குல வச்சீங்க, அப்பறம் பேச்சு வராது, ஆமா.”

“போடி, நடுக்கடல்ல நான் தின்னு பார்க்காததா?”

“அந்தக் கடல் வேற, இந்த வரப்பு வேற.”

பிள்ளை வைத்தார். ‘அன், தெ, த்ருவா’ வரைக்கும் வந்தது. ‘காத்ர்’ வரவில்லை. நாக்கு கத்தரிக்காய் பருமனுக்கு வீங்கிவிட்டது. மனிதர் ஓடிப்போய் ஒரு தாளை எடுத்து, அதில் பெரிய எழுத்தில் ‘தின்னக்கூடாது’ என்று எழுதி, அல்லியிடம் தூக்கிக் காட்டினார். அவள் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். “ரெண்டு நாள் வீடு நடை சாத்துன கோயிலாட்டம் இருந்துச்சு” என்றார் தையல்நாயகி அம்மாள்.

மூன்றாம் நாள் பேச்சு திரும்பியது. அன்றுதான் நான் கேட்டேன், ஏன் இப்படி உயிரைப் பணயம் வைக்கிறீர்கள் என்று. இரண்டு நாள் பேசாமல் இருந்த பேச்செல்லாம் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. உட்கார்ந்து சொல்லவில்லை. எழுந்தார், குனிந்தார், வீட்டுக் கொல்லையிலிருந்த துவைகல் மேல் ஏறி நின்றார். அதுதான் பாறை, கொல்லைதான் கடல்.

“நான் பாருல ஏழு வருஷம் வேலை பார்த்தேன் சார்!”

பக்கத்துச் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. இங்கே தெருவுக்குத் தெரு கடை. அந்த நினைப்பில், “சாராயக் கடையிலா?” என்று கேட்டுவிட்டேன். துவைகல்லிலிருந்து விழுந்துவிடுவார் போலச் சிரித்தார். பிரெஞ்சில் கலங்கரை விளக்கத்துக்கு ‘பார்’ என்று பெயராம். சைகோனுக்குத் தெற்கே கடலுக்குள், ஒரு நாள் லாஞ்சுப் பயணத்தில் ஒரு பாறைத் தீவு. அதன் உச்சியில் விளக்கு. அதை ஏற்றி அணைக்க இரண்டே பேர். ஒருவர் காரைக்கால் சைவப் பிள்ளை வீட்டுத் திருஞானசம்பந்தம். முட்டை உடைத்த கையைக்கூடத் தொடாதவர். மற்றவன் லாம் என்ற அனாமியன், அதாவது வியட்நாம்காரன். நடப்பது, பறப்பது, நீந்துவது எதையும் விடாதவன். இருவருக்கும் பொது பாஷை அரைகுறைப் பிரெஞ்சு. ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு அடுப்பு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை லாஞ்சு அரிசியும் பருப்பும் கொண்டுவரும்.

1945 மார்ச்சில் லாஞ்சு வரவில்லை.

“ஜப்பான்காரன் ஒரே ராத்திரியில பிரெஞ்சுக்காரன்கிட்டேருந்து ராஜ்யத்தைப் பிடுங்கிட்டான். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். அரிசி ஒம்போது நாளைக்குத்தான் இருந்துச்சு. பதினாறு நாள் இழுத்தேன் சார்! எப்படி? அங்க பாறையிடுக்குல உமரி முளைச்சிருந்துச்சு. நம்ம ஊரு உமரி! காரைக்கால் கடக்கரையில ஆடு திங்கிற உமரி! அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. ‘இங்க எப்படிடா வந்த?’ன்னு கேட்டேன். ஒரு பிடி அரிசிக்கு மூணு பிடி உமரி.”

பதினேழாம் நாள் அரிசியும் பருப்பும் தீர்ந்தன. தென்னை ஒன்றுகூட இல்லாத பாறை அது. தொட்டியில் மழைத் தண்ணீர் மட்டும் இருந்தது. லாம் தூண்டில் போட்டான், நண்டு பிடித்தான், பாறையில் தொப்பி தொப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பியைக் கத்தியால் நெம்பினான். அவித்து ஒரு பங்கை ஒவ்வொரு வேளையும் பிள்ளையின் முன்னால் வைப்பான். “‘ஸாம், மாஞ்சே!’ம்பான். சம்பந்தம் அவன் வாயில ஸாம் ஆயிடுச்சு. மாஞ்சேன்னா சாப்பிடுன்னு அர்த்தம். நான் முகத்தைத் திருப்பிக்குவேன். அவன் ஒண்ணும் சொல்லமாட்டான். அதை எடுத்து மூடி வச்சிட்டு, அடுத்த வேளைக்கும் அதே மாதிரி வைப்பான்.”

பிள்ளை அந்த நாட்களில் தின்றது: உமரி. தாழம்பழம், அதன் நார் வாயெல்லாம் அறுத்துவிட்டது. அடம்புக்கொடியின் வேர், ஒரு பகல் முழுதும் வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆபீஸ் காகிதங்களை ஒட்ட வைத்திருந்த மாவுப் பசை ஒரு டப்பா. “அதுதான் சார் விருந்து! கரண்டியால சுரண்டிச் சுரண்டி மூணு நாள் வச்சுத் தின்னேன். அப்பறம் கணக்குப் புஸ்தகத்தோட முதுகுல இருந்த பசையை நக்கினேன்.” சொல்லும்போது முகம் பளிச்சென்று இருந்தது, இப்போதுதான் அந்த டப்பாவைக் கண்டெடுத்தவர் போல.

பன்னிரண்டு நாள் அப்படி. கால் வீங்கிவிட்டது. படி ஏற முடியவில்லை. லாமுக்கு ஒரு யோசனை தோன்றியது. தீவின் வடக்குப் பக்கத்துச் செங்குத்துப் பாறையில் ஒரு ஜாதிக் குருவி கூடு கட்டும். தன் வாயில் ஊறும் பசையாலேயே கட்டும் வெள்ளைக் கூடு. சீனாக்காரர்கள் அதைத் தங்கத்தின் விலைக்கு வாங்கிச் சூப்பு வைத்துக் குடிப்பார்கள்.

“‘ஸாம், கூடு இறைச்சி இல்ல. கூட்டுல ரத்தம் இல்ல. நீ தின்னலாம்’னான். எனக்காக யோசிச்சிருக்கான் சார், ராவும் பகலும்! நான் வேணாம் வேணாம்னு கத்துறேன். அவன் பாட்டுக்கு ஏறுறான். ஒண்ணு எடுத்தான், சட்டைக்குள்ள போட்டான். ரெண்டு எடுத்தான். மூணாவதுக்குக் கையை நீட்டுறான்...”

பிள்ளை துவைகல்லிலிருந்து கீழே குதித்தார். குதித்த இடத்திலேயே நின்றார்.

லாமின் வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. பிள்ளை அவனை முதுகில் போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இழுத்துக்கொண்டு வந்து, விளக்கின் அடித்தளத்து அறையில் கிடத்தி, பெட்டிப் பலகையை உடைத்துக் கட்டுப் போட்டார். அவன் சட்டைக்குள்ளிருந்த இரண்டு கூடுகளும் நசுங்காமல் இருந்தன. அவற்றை அவித்தார். ஜவ்வரிசிக் கஞ்சி போல வந்தது. இருவரும் குடித்தார்கள். “சீன ராஜா குடிக்கிற கஞ்சி. ருசி? ஒண்ணுமே இல்ல சார். எனக்கு அப்ப ஒரு உருண்டை பழைய சோத்தை யாராவது காட்டியிருந்தா, சீன ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன்.”

மறுநாள் காலை முதல் இருவருக்கும் சாப்பாடு தேடிவர இருந்தது ஒரே ஆள். லாமுக்கு ஜுரம். இலை தழையைத் தின்றால் எலும்பு ஒன்றுசேராது. பிள்ளை தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார். பிறந்ததிலிருந்து தூண்டிலைத் தொடாத கை. இருந்த இரண்டு முள்ளையும் ஒரே மணி நேரத்தில் பாறையில் மாட்டி அறுத்துவிட்டார். கத்தியோடு இறங்கி, சிப்பியை நெம்பினார். இரண்டு பெயர்த்தார். மூன்றாவதை நெம்பும்போது கண் இருட்டியது. அலை வந்து அடித்து, மார்பைப் பாறையில் உரசிக்கொண்டு போயிற்று. தலை தெளிந்தபோது ஒரு கையில் பாசியையும் ஒரு கையில் கத்தியையும் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தார்.

“அப்பதான் சார் புத்தியில உறைச்சுது! நான் இப்படியே விழுந்து செத்தா, மேல கெடக்கிறவன் யாருமில்லாம சாவான். அவன் காலு எதனால ஒடிஞ்சுது? என் ஆசாரத்தால ஒடிஞ்சுது. அவன் சாகக்கூடாதுன்னா நான் சாகக்கூடாது. நான் சாகக்கூடாதுன்னா...” மூச்சு வாங்கியது அவருக்கு. “ஒரு சிப்பியைப் பிளந்தேன். அது உள்ள அசையுது. நிறைய பேரு கண்ணை மூடிக்கிட்டுத் தின்னியான்னு கேக்குறாங்க. இல்ல சார்! கண்ணைத் திறந்துக்கிட்டேதான் தின்னேன். அதுக்கு மரியாதை அதுதானே? உப்புக் கரிச்சுது. ரெண்டாவதையும் தின்னேன். எந்திரிச்சு நின்னேன். நிக்க முடிஞ்சுது!”

அதற்குப் பிறகு அவர் ஓய்ந்து நிற்கவே இல்லை. காலையில் சிப்பி. கடல் வாங்கும் நேரத்தில் நண்டு. முதல் நண்டு அவர் விரலைக் கிழித்த தழும்பைக் காட்டினார். சித்திரையில் கடற்பறவைகள் முட்டையிட்டன. ஒவ்வொரு கூட்டிலும் இரண்டிருந்தால் ஒன்றைத்தான் எடுத்தார். ஐந்து நாள் புயற்காற்று. பாறைப் பக்கமே இறங்க முடியவில்லை. அப்போது மாட்டுக் கொழுப்பில் செய்த மெழுகுவத்திகளைச் சுரண்டி, ஆளுக்குப் பாதி. பிறகு தன் உத்தியோக பெல்ட்டைக் கழற்றி இரண்டு நாள் வேகவைத்தார். “பித்தளை வில்லையை மட்டும் எடுத்துட்டேன்” என்றார், கண்ணைச் சிமிட்டி. லாம் படுத்தபடி கேட்டானாம்: “ஸாம், இது இறைச்சியா?” “இல்ல, இது கவர்மெண்டு” என்று சொன்னாராம் பிள்ளை. ஒடிந்த காலோடு அவனும், வீங்கிய காலோடு இவரும், அந்தத் தோலைச் சவைத்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார்கள்.

ஐம்பத்தெட்டாம் நாள் நடுப்பகலில் ஒரு படகின் பாய் தெரிந்தது. மண்ணெண்ணெயை எடுத்துக்கொண்டு படிகளை நான்கு நான்காகத் தாவினார். படுக்கை, ஜமுக்காளம், கணக்குப் புஸ்தகம் எல்லாவற்றையும் விளக்கு மாடத்தில் போட்டுக் கொளுத்தினார். கரும்புகை எழும்பியது. சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். தமிழில் கத்தினார், பிரெஞ்சில் கத்தினார். பாய் திரும்பியது.

“திரும்புச்சு சார்! அந்தப் பாய் திரும்புச்சு பாருங்க...” கொல்லையில் நின்றபடி தம் மேல்துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார். வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

மீன் பிடிக்க வந்த ஒரு புருஷன், பெண்சாதி. அந்தப் பெண் படகிலேயே கஞ்சி காய்ச்சி இருவருக்கும் வாயில் ஊற்றினாள். கஞ்சியில் என்ன போட்டிருந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

சண்டை முடிந்தும் சைகோனில் அமைதி இல்லை, உத்தியோகமும் விடவில்லை. 1951 தை மாதம்தான் ஊர் திரும்பினார். பதின்மூன்று வருஷம் கழித்து. இடையில் எழுதிய கடிதங்களில் பாறையைப் பற்றி ஒரு வரி கிடையாது. “அது காயிதத்துல எழுதுற விஷயமில்ல சார். நேருக்கு நேரா நின்னு சொல்லணும்.”

ஊரார் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார்கள், ருசி கண்டபின் எப்படி விட்டீர் என்று. இன்றைக்கு அவர் மறுபடியும் சுத்த சைவம்தான். பிள்ளையின் பதில் ஒரே வரி. “இப்பதான் அரிசி இருக்கே!”

ஊர் திரும்பிய நாளைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரைப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார். மீதியைக் கிணற்றடியில் நின்று சொன்னவர் தையல்நாயகி அம்மாள்.

அன்று குரும்பகரத்திலிருந்து அந்த அம்மாளுடைய அண்ணன் வைத்திலிங்கம் பிள்ளை, மாப்பிள்ளையை வரவேற்கப் புது நெல் அரிசியோடு வந்திருந்தார். பெரிய ஆசாரக்காரர். தையல்நாயகி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தார். புருஷன் கையை நீட்டித் தடுத்தார். “இரு. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்பறம் சுத்து.” வாசலில் நின்றபடி முழுவதையும் சொன்னார். சிப்பியில் தொடங்கி பெல்ட் வரை. ஒன்றை விடவில்லை. தட்டைப் பிடித்திருந்த கை வலித்ததாம், ஆனால் இறக்கத் தோன்றவில்லையாம்.

வைத்திலிங்கம் பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மாப்புள, நடந்தது நடந்துபோச்சு. இதை வெளியில மூச்சு விடவேணாம். பிராயச்சித்தம் பண்ணிக்குவோம். அதுவரைக்கும் அடுக்களைக்குள்ள வரவேணாம். கூடத்துல தனியா இலை போடட்டும்.”

“எதுக்கு மச்சான் பிராயச்சித்தம்? நான் தப்பு பண்ணலையே.”

“ஆசாரம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அந்த ஆசாரத்துக்குத்தான் ஒருத்தன் காலை ஒடிச்சுக்கிட்டான்.”

பிறகு தையல்நாயகி கேட்டார், புருஷனைப் பார்த்து.

“அந்த லாமு பிழைச்சுக்கிட்டாரா?”

“பிழைச்சுக்கிட்டான். காலைச் சாய்ச்சுத்தான் நடக்குறான். கல்யாணமாகி ரெண்டு குழந்தை.”

தையல்நாயகி ஆரத்தியைச் சுற்றினார். தட்டு நீரை வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போனார். இலை போட்டார், கூடத்தில் அல்ல, அடுக்களைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில். கணவரை உட்காரவைத்துச் சோறு, பருப்பு, நெய், வாழைக்காய்ப் பொரியல், சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றாகப் பரிமாறினார். பதின்மூன்று வருஷத்துப் பசியை அவர் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வைத்திலிங்கம் பிள்ளை அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கணவர் கை கழுவப் போனதும் அண்ணன் மெதுவாகச் சொன்னார். “தையலு, அந்த இலைய எடுத்து வெளியில போடு. நீ வேற இலை போட்டுக்க.”

புருஷன் உண்ட இலையில் பெண்சாதி உண்பதுதான் அந்த வீடுகளின் வழக்கம். தையல்நாயகி வேறு இலை எடுக்கவில்லை. அதே இலையின் முன் உட்கார்ந்தார். தாமே சோற்றை அள்ளி வைத்துக்கொண்டார். சாம்பார் சோறு உண்டார், ரசம் சோறு உண்டார். கடைசியாக ஒரு கைச் சோறு போட்டு, அதில் குழி பறித்தார்.

“அண்ணே, மோரு எட்டலை. கொஞ்சம் எடுத்து ஊத்துங்க.”

வைத்திலிங்கம் பிள்ளை நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து, மோர்ச் செம்பை இரண்டு கையாலும் எடுத்து, அந்த இலையில் ஊற்றினார்.